இந்தியக் கால்பந்து 2023-24: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பாவின் பெரிய அணிகளில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் பெயர் வரை விரல் நுனியில் வைத்திருக்கும் நண்பர்கள்கூட, இந்திய சீசன் என்று வந்தால் தலையைச் சொறிகிறார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. ஒரே சீசனுக்குள் டூரண்ட் கோப்பை, ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக், முதல் படி), சூப்பர் கோப்பை, ஐ-லீக் (அதற்கு அடுத்த படி), சந்தோஷ் டிராபி, பெண்களுக்கான லீக் என்று ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைத்தால் யாருக்குத்தான் குழப்பம் வராது? 2023 ஆகஸ்ட் 3 அன்று தொடங்கி 2024 மே 4 அன்று முடிந்த அந்த சீசனைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே ஒரே இடத்தில் போட்டுவைக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். அந்த சீசனின் சாம்பியன் யார்?

மோகன் பகான்.

இப்படிச் சொன்னால் மும்பை சிட்டி ரசிகர் சண்டைக்கு வருவார். ஐஎஸ்எல் கோப்பையைத் தூக்கியது அவருடைய அணி. ஈஸ்ட் பெங்கால் ரசிகர் சூப்பர் கோப்பையைக் காட்டுவார். முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர் ஐ-லீக் கோப்பையைக் காட்டுவார். ஆனாலும் என் பதில் மாறாது. ஐஎஸ்எல் லீக் சுற்றில் 12 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 22 ஆட்டம், உள்ளூரில் பாதி, வெளியூரில் பாதி. அதில் அதிகப் புள்ளி எடுத்தவன்தான் சாம்பியன். மற்றதெல்லாம் திருவிழா. திருவிழா எனக்கும் பிடிக்கும், அது வேறு விஷயம்.

ஐஎஸ்எல்லில் ஷீல்டு ஒருவருக்கு, கோப்பை இன்னொருவருக்கு. ஏன் இப்படி?

ஐஎஸ்எல் பிறந்தபோதே இறுதிப் போட்டியோடுதான் பிறந்தது. லீக் சுற்றில் முதலிடம் பிடித்தவருக்கு ஆரம்ப வருடங்களில் அரையிறுதி இடத்தைத் தவிர பெரிதாக ஒன்றும் கிடையாது. 2019-20இல்தான் முதலிடத்துக்கென்று தனியாக ஷீல்டு வந்தது. அதை முதலில் வாங்கியது எஃப்சி கோவா. அன்றிலிருந்து இரண்டு பரிசு: பட்டியலில் முதலிடம் வந்தால் ஷீல்டு, லீக்குக்குப் பிறகு முன்னணி அணிகள் மோதும் பிளே-ஆஃப் முடிவில் ஜெயித்தால் கோப்பை.

2022-23இல் ஷீல்டு மும்பைக்கு, கோப்பை மோகன் பகானுக்கு. அடுத்த சீசனில் அப்படியே தலைகீழ்: ஷீல்டு மோகன் பகானுக்கு, கோப்பை மும்பைக்கு. பண்டம் மாற்றிக்கொண்டது மாதிரி.

எது பெரிது என்ற சண்டைக்கு ஆசியக் கூட்டமைப்பிடம் பதில் இருக்கிறது. ஆசிய சாம்பியன்ஸ் லீக் 2 போட்டிக்கான நேரடி இடம் ஷீல்டு வென்றவருக்குத்தான் போனது. கோப்பை வென்ற மும்பைக்கு அதற்காக ஆசியாவில் எந்த இடமும் கிடைக்கவில்லை.

கடைசி நாளில்தான் ஷீல்டு முடிவானது என்கிறார்களே, என்ன நடந்தது?

இது கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டிய கதை.

2024 ஏப்ரல் 15. கொல்கத்தா சால்ட் லேக் மைதானம். மும்பை 47 புள்ளி, மோகன் பகான் 45. இரண்டு அணிக்கும் அதுதான் கடைசி லீக் ஆட்டம், அதுவும் ஒருவரோடொருவர். மும்பைக்கு டிரா போதும். மோகன் பகான் ஜெயித்தே ஆக வேண்டும்.

முந்தின நாள் வங்காளப் புத்தாண்டு. நமக்குச் சித்திரை ஒன்று, அவர்களுக்குப் பொய்லா பொய்ஷாக். அன்று கொல்கத்தா மைதான் பகுதியில் உள்ள கிளப்புகளில் ‘பார் பூஜை’ நடக்கும். கோல் கம்பத்துக்கு மாலை போட்டு, புரோகிதர் மந்திரம் சொல்லி, புது வருட ஆட்டத்துக்கு ஆசி வாங்குவார்கள். ஆயுத பூஜையன்று நாம் வண்டிக்குப் பொட்டு வைப்பதுபோல அவர்களுக்குக் கோல் கம்பம். அந்த மாலை வாடுவதற்குள் இப்படி ஓர் ஆட்டம் வந்து நின்றது.

28ஆவது நிமிடத்தில் லிஸ்டன் கொலாசோ அடித்தார். ஆனால் 1-0 என்பது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டிய கணக்கு. மும்பை ஒரு கோல் போட்டால் போதும், ஷீல்டு அங்கே போய்விடும். 80ஆவது நிமிடத்தில் ஜேசன் கம்மிங்ஸ் இரண்டாவதை அடித்ததும் மைதானம் மூச்சு விட்டது. 89இல் லாலியன்சுவாலா சாங்தே ஒன்று திருப்பிப் போட, விட்ட மூச்சு திரும்பவும் நின்றது. ஆட்டம் 2-1. மோகன் பகான் 48, மும்பை 47. கிளப்பின் முதல் ஐஎஸ்எல் ஷீல்டு.

இதற்குப் பின்னால் ஒரு பயிற்சியாளர் மாற்றமும் உண்டு. சீசனைத் தொடங்கியவர் ஹுவான் ஃபெராண்டோ. நடுவில் சரிவு வந்ததும் அவரை அனுப்பிவிட்டு, பழைய ஆள் அந்தோனியோ லோபஸ் ஹபாஸைக் கூப்பிட்டார்கள். மும்பையிலும் அதே கதைதான், ஆனால் காரணம் வேறு: டெஸ் பக்கிங்ஹாம் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு யுனைடெட் அணிக்குப் போய்விட, பீட்டர் கிராட்கி வந்தார்.

பிளே-ஆஃப் எப்படி நடந்தது?

முதல் இரண்டு இடம் நேராக அரையிறுதிக்கு. மூன்று முதல் ஆறு வரை உள்ள நான்கு அணிகளுக்கு ஒற்றை ஆட்டம், பட்டியலில் மேலே இருப்பவரின் மைதானத்தில். ஒடிசா கூடுதல் நேரத்தில் கேரளா பிளாஸ்டர்ஸை 2-1 என வீழ்த்தியது. கோவா அதே கணக்கில் சென்னையின் எஃப்சியை வீழ்த்தியது. அரையிறுதி இரண்டு ஆட்டமாக நடந்தது. மோகன் பகான் புவனேஸ்வரில் 1-2 என்று தோற்று, சொந்த மண்ணில் 2-0 என்று திருப்பிக் கொடுத்தது. மும்பை கோவாவைக் கடந்த கதையைக் கடைசிக் கேள்விக்கு வைத்திருக்கிறேன்.

மே 4 இறுதிப் போட்டியும் சால்ட் லேக்கில்தான். கூட்டம் 62,000 பேர். கம்மிங்ஸ் முதலில் அடித்தார். இடைவேளைக்குப் பிறகு மும்பையின் பெரேரா தியாஸ், பிபின் சிங், யாகுப் வோய்துஸ் என்று மூன்று பேர் அடித்து 3-1 ஆக்கினார்கள். ஷீல்டு ஜெயித்த அதே மைதானத்தில், மூன்று வாரம் கழித்து, மோகன் பகானின் மெரூன்-பச்சைச் சட்டைக் கூட்டம் சத்தமில்லாமல் வெளியேறியது.

நம்ம சென்னையின் எஃப்சி?

ஆறாவது இடம், 27 புள்ளி. எட்டு வெற்றி, மூன்று டிரா, பதினொரு தோல்வி. 2019-20க்குப் பிறகு முதல் முறையாகப் பிளே-ஆஃப் எட்டிப் பார்த்தார்கள். அந்த முறை இறுதிவரை கூட்டிப்போன ஓவன் காய்ல்தான் இந்த முறையும் பயிற்சியாளர்.

அந்த அணியின் குணத்தைப் புரிந்துகொள்ள மார்ச் மாதத்தின் இரண்டு ஆட்டம் போதும். மார்ச் 9 அன்று, பட்டியலில் ஆகக் கடைசியில் கிடந்த ஹைதராபாத்திடம் பெரியமேடு நேரு மைதானத்தில் 0-1 என்று தோற்றார்கள். சீசன் முழுக்க ஹைதராபாத் ஜெயித்த ஒரே ஆட்டம் அதுதான்! மூன்று வாரம் கழித்து மார்ச் 31 அன்று அதே சென்னையின், கொல்கத்தாவுக்குப் போய் மோகன் பகானை 3-2 என்று சாய்த்தது. முதலில் பின்தங்கி, ஜோர்டான் மர்ரியும் ரயன் எட்வர்ட்ஸும் அடித்து முன்னேறி, இன்ஜுரி டைமில் மோகன் பகானுக்குப் பெனால்டி கொடுத்து 2-2 ஆகி, கதை முடிந்தது என்று நினைத்தபோது இர்ஃபான் யாத்வாத் 97ஆவது நிமிடத்தில் மூன்றாவதைப் போட்டார். ஷீல்டுப் பந்தயம் கடைசி நாள் வரை இழுத்ததில் நம்ம ஊருக்கும் பங்கு உண்டு.

இன்னொரு வயிற்றெரிச்சல்: ஏழு வருடம் இங்கே ஆடிய அனிருத் தாபா சீசனுக்கு முந்தைய கோடையில்தான் மோகன் பகானுக்குப் போனார். மேலே சொன்ன சாங்தேயும் முன்பு சென்னைச் சட்டை போட்டவர்தான்.

ஹைதராபாத் ஏன் அப்படி விழுந்தது? 2022இல் சாம்பியன் இல்லையா?

ஆமாம். 2021-22 இறுதியில் பிளாஸ்டர்ஸைப் பெனால்டியில் வென்று கோப்பை வாங்கிய அதே கிளப். பணம் தீர்ந்தது. சம்பளப் பாக்கி, அதனால் புது ஆட்டக்காரர்களை எடுக்கத் தடை, வெளிநாட்டவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனது என்று சங்கிலியாக விழுந்தது. தாங்போய் சிங்டோ சின்னப் பையன்களை வைத்துக்கொண்டு மீதி சீசனை ஓட்டினார். 22 ஆட்டத்தில் 8 புள்ளி.

அப்படியானால் ஹைதராபாத் ஐ-லீக்குக்கு இறக்கப்பட்டதா?

இல்லை. அந்த சீசனின் ஐஎஸ்எல்லில் மேலே ஏற வழி இருந்தது, கீழே இறங்க வழி இல்லை. 8 புள்ளி எடுத்தவரும் அடுத்த வருடம் அதே நாற்காலியில். என்னைக் கேட்டால் இந்த சீசனின் ஆகப் பெரிய குறை இதுதான். பட்டியலின் கீழ்ப்பாதியில் ஏப்ரல் மாதம் யாருக்கும் தூக்கம் கெடவில்லை.

மேலே ஏறும் வழி மட்டும் திறந்திருந்தது. முந்தைய ஐ-லீக்கை வென்ற பஞ்சாப் எஃப்சிதான் அப்படி ஏறி வந்த முதல் கிளப். முதல் வருடமே எட்டாவது இடம், ஈஸ்ட் பெங்காலுக்கு ஒரு படி மேலே.

ஐ-லீக்கை யார் வென்றார்கள்? அதை யாராவது பார்க்கிறார்களா?

முகமதன் ஸ்போர்ட்டிங். பார்க்கிறார்களா என்று அவர்களிடம் கேட்டுவிடாதீர்கள்!

1891இல் தொடங்கிய கிளப். கொல்கத்தாவின் மூன்று பெரிய வீடுகளில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் இரண்டும் ஐஎஸ்எல்லுக்குக் குடிபோன பிறகு, மூன்றாவது வீடு மட்டும் பழைய தெருவிலேயே நின்றது. 2024 ஏப்ரல் 6 அன்று ஷில்லாங்கில் லஜாங் அணியை 2-1 என்று வென்றதும் பட்டம் உறுதியானது. அலெக்சிஸ் கோமஸ் முதல் நிமிடத்திலேயே அடித்தார். லஜாங் பெனால்டியில் சமன் செய்ய, எவ்கெனி கொஸ்லோவ் வெற்றி கோலைப் போட்டார். அத்தனை பழைய கிளப்புக்கு அதுதான் முதல் தேசிய லீக் பட்டம். ஐஎஸ்எல் கதவும் திறந்தது.

கீழ்க்கோடியில் நடந்தது மனதைப் பிசையும். இறக்கப்பட்ட நெரோகா, டிராவ் இரண்டும் மணிப்பூர் கிளப்புகள். 2023 மே மாதம் அங்கே கலவரம் வெடித்ததால், தங்கள் ‘உள்ளூர்’ ஆட்டங்களைக்கூட வெளி மாநிலத்தில்தான் ஆடினார்கள். இந்திய அணிக்கு ஆட்டக்காரர்களை அள்ளிக் கொடுக்கும் மாநிலம் அது. அங்கேயுள்ள இரண்டு கிளப்பும் சொந்த ரசிகன் முகம் பார்க்காமலேயே கீழே போனார்கள்.

அவர்கள் காலி செய்த இடத்துக்கு மூன்றாம் படியான ஐ-லீக் 2இலிருந்து ஸ்போர்ட்டிங் கிளப் பெங்களூரு, டெம்போ இரண்டும் ஏறின. டெம்போ ஐந்து முறை தேசிய சாம்பியனான கோவாக் கிளப், நடுவில் காணாமல்போய்த் திரும்பியது. காணாமல்போனது என்றதும் 2018-19 ஐ-லீக் சாம்பியன் சென்னை சிட்டி ஞாபகம் வருகிறது. கோயம்புத்தூர் நேரு மைதானத்தில் ஆடிய அந்த அணி 2023-24 பட்டியலில் எங்கேயும் இல்லை.

டூரண்ட் கோப்பை என்பது ராணுவப் போட்டிதானே? அதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

நடத்துவது ராணுவம், ஆடுவது எல்லாரும். 1888இல் சிம்லாவில் பிறந்தது, ஆசியாவிலேயே பழைய கால்பந்துப் போட்டி. 2023இல் 132ஆவது முறை. 24 அணிகள், கொல்கத்தா, குவாஹாத்தி, கோக்ராஜார் என மூன்று ஊர்கள். வங்கதேச ராணுவமும் நேபாளத்தின் திரிபுவன் ராணுவ அணியும் வந்திருந்தன. வென்றவருக்கு ஒன்றல்ல, மூன்று கோப்பை: டூரண்ட் கோப்பை, சிம்லா டிராபி, குடியரசுத் தலைவர் கோப்பை.

இறுதியில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும். 62ஆவது நிமிடத்தில் தாபா சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். பத்துப் பேரோடு ஆடிய அணிதான் கோல் அடித்தது. 71ஆவது நிமிடம், டிமிட்ரி பெட்ராடோஸ், 1-0. மோகன் பகானுக்கு 17ஆவது டூரண்ட், போட்டி அணியை விட ஒன்று அதிகம். கொல்கத்தாவில் அந்த ‘ஒன்று’க்கு இருக்கும் எடையை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது சிரமம்.

நந்தகுமார் என்று ஒரு தமிழ்ப் பையன் கலக்கினாரே?

நந்தகுமார் சேகர். சென்னைக்காரர், சென்னை சிட்டியில் ஆடி மேலே வந்தவர். 2023 ஏப்ரலில் ஒடிசாவோடு சூப்பர் கோப்பை வென்றுவிட்டு ஈஸ்ட் பெங்காலுக்கு மாறினார்.

அந்தக் கிளப் அப்போது இருந்த நிலைமை பரிதாபம். 2019 ஜனவரிக்குப் பிறகு மோகன் பகானை ஒரு முறைகூட வென்றதில்லை. இந்த இரண்டு கொல்கத்தா அணிகளும் மோதும் ஆட்டத்துக்கு டெர்பி என்று பெயர்; அதில் தொடர்ந்து எட்டுத் தோல்வி. ஆகஸ்ட் 12 அன்று டூரண்ட் குழுச் சுற்றில் 60ஆவது நிமிடத்தில் நந்தகுமார் அடித்த ஒற்றை கோல் அந்தப் பீடையைக் கழித்தது. அரையிறுதியில் நார்த்ஈஸ்ட் யுனைடெட்டிடம் தோற்கும் தறுவாயில் 97ஆவது நிமிடத்தில் சமன் செய்தவரும் அவர்தான். பிறகு பெனால்டியில் இறுதிக்குப் போனார்கள். ஜனவரி சூப்பர் கோப்பை டெர்பியை 3-1 என்று வென்றபோதும் ஒரு கோல் அவருடையது. இறுதியில் யார் எதிரே? பழைய அணி ஒடிசா, அதுவும் புவனேஸ்வரில். அங்கேயும் 52ஆவது நிமிடத்தில் அடித்தார். நம் ஊர்ச் செய்திகளில் இதற்கெல்லாம் கிடைத்த இடம் உள்ளங்கை அளவு.

அந்த சூப்பர் கோப்பை இறுதி எப்படி முடிந்தது?

ஒடிசா முதலில் 1-0. நந்தகுமார் 1-1. சவுல் கிரெஸ்போ பெனால்டியில் 2-1. இன்ஜுரி டைமும் முடியப்போகும் நேரத்தில் அகமது ஜாஹு பெனால்டியில் 2-2. கூடுதல் நேரத்தில் 111ஆவது நிமிடம் கிளெய்ட்டன் சில்வா 3-2. ஜனவரி 28 இரவு ஈஸ்ட் பெங்காலின் 12 வருடத் தேசியப் பட்ட வறட்சி முடிந்தது. பயிற்சியாளர் கார்லெஸ் குவாட்ராட்.

இந்திய அணி கத்தாரில் ஆசியக் கோப்பை ஆடிக்கொண்டிருந்தபோதா உள்ளூர்ப் போட்டி நடந்தது?

அதே ஜனவரிதான். உஸ்பெகிஸ்தானிடம் இந்தியா 0-3 என்று தோற்றது 18ஆம் தேதி. கொல்கத்தா டெர்பி 19ஆம் தேதி. தேசிய அணிக்குப் போனவர்கள் இல்லாமலேயே கிளப்புகள் ஆடின. கத்தாரில் மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை.

செப்டம்பரில் நடந்தது இதைவிட மோசம். ஐஎஸ்எல் தொடக்கத்தைத் தள்ளிப்போடவில்லை, ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு ஆட்டக்காரர்களை விடக் கிளப்புகள் தயங்கின. கிடைத்தவர்களைச் சேர்த்துக்கொண்டு ஹாங்சோ போன அணி, 19ஆம் தேதி சீனாவிடம் 1-5. இரண்டு நாள் கழித்து கொச்சியில் பிளாஸ்டர்ஸ் - பெங்களூரு ஆட்டத்தோடு ஐஎஸ்எல் கோலாகலமாகத் தொடங்கியது. அட்டவணை போடும் மேசையில் யார் பேச்சு எடுபடுகிறது என்பது அந்த மூன்று நாளில் தெரிந்தது.

சந்தோஷ் டிராபி இன்னும் நடக்கிறதா?

நடக்கிறது. 1941இலிருந்து வரும் மாநிலங்களுக்கு இடையிலான போட்டி. நம் அப்பா காலத்தில் இதுதான் இந்தியக் கால்பந்து. 2024 மார்ச் 9 அன்று அருணாசலப் பிரதேசத்தின் யூபியாவில் இறுதி. ராணுவப் படைகளின் அணியான சர்வீசஸ் 1-0 என்று கோவாவை வென்றது. தமிழ்நாடு இறுதிச் சுற்றுக்கு வரவில்லை. வேடிக்கை என்னவென்றால், கிளப் கோப்பைகளை அள்ளிய அதே சீசனில் மேற்கு வங்கமும் வரவில்லை.

பெண்கள் லீக்?

முதல் முறையாக உள்ளூர்-வெளியூர் முறையில் நடந்தது, ஏழு அணிகள். மூன்று முறை தொடர்ந்து வென்றிருந்த கோகுலம் கேரளாவை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டு ஒடிசா எஃப்சி பட்டம் வென்றது. அந்த ஒடிசாவின் நடுக்களத்தில் நம்ம கடலூர் இந்துமதி கதிரேசன். சீசன் முடிவில் இந்தியாவின் சிறந்த பெண் ஆட்டக்காரர் விருதும் அவருக்கே வந்தது. 2018-19இல் இதே லீக்கை வென்ற மதுரை சேது எஃப்சியும் ஆடியது.

ஆண்கள் கணக்கை மட்டுமே பார்த்துவிட்டு ‘தமிழ்நாட்டில் கால்பந்து எங்கே இருக்கிறது’ என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: 2023 ஜூனில் அமிர்தசரஸில் பெண்களுக்கான தேசிய சாம்பியன்ஷிப்பை வென்றது தமிழ்நாடு, ஹரியானாவை 2-1 என வீழ்த்தி.

மொத்தத்தில் இது கொல்கத்தா சீசனா?

டூரண்டும் ஷீல்டும் மோகன் பகானிடம், சூப்பர் கோப்பை ஈஸ்ட் பெங்காலிடம், ஐ-லீக் முகமதனிடம். கிளப் கோப்பைகளில் பெரிய ஐந்தில் ஊரை விட்டு வெளியே போனது ஒன்றே ஒன்று. அதையும் மும்பைக்காரர்கள் கொல்கத்தாவுக்கே வந்துதான் தூக்கிப் போனார்கள். ஆசியாவில்தான் இந்தப் பெருமை எடுபடவில்லை. ஈஸ்ட் பெங்கால் 2024 ஆகஸ்டில் தகுதி ஆட்டத்திலேயே துர்க்மெனிஸ்தானின் அல்டின் அசிரிடம் 2-3 என்று விழுந்தது. மோகன் பகான் பாதுகாப்புக் காரணம் சொல்லி ஈரானின் தப்ரீஸுக்குப் போகாமல் இருந்ததால், போட்டியிலிருந்தே விலகியதாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது.

ஒரே ஒரு ஆட்டம் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது. எதைப் பார்க்கலாம்?

கோவா - மும்பை அரையிறுதி முதல் ஆட்டம், ஃபத்தோர்டா, 2024 ஏப்ரல் 24. ஆனால் முதலில் என் கதையைக் கேளுங்கள். கோவா 2-0 என்று முன்னால் இருந்தது. மும்பை கால்கள் களைத்துவிட்டன என்று முடிவு கட்டி, 88ஆவது நிமிடத்தில் போனை மடக்கி வைத்துவிட்டுத் தோசை ஊற்றப் போனேன். இரண்டாவது தோசையைத் திருப்பும்போது நண்பனிடமிருந்து ‘பார்த்தியா?’ என்று செய்தி. கோவா ஜெயித்ததைச் சொல்கிறான் என்று நினைத்து ஒரு கட்டைவிரலை அனுப்பினேன். 90இல் சாங்தே, அடுத்த நிமிடமே விக்ரம் பிரதாப் சிங், 96இல் மறுபடியும் சாங்தே. மும்பை 3-2. தோசை கருகியது. நீங்கள் 88ஆவது நிமிடத்திலிருந்து பார்த்தால்கூடப் போதும்.